இரண்டாயிரம் மடங்குக்குள் அகப்படாத எளிய உயிர்: ஒரு மாணவர் நுண்ணோக்கியின் மதிப்புரை

மாணவர்களுக்காகவும், பொழுதுபோக்காக அறிவியலில் ஈடுபடுவோருக்காகவும் விற்கப்படும் கூட்டு நுண்ணோக்கி ஒன்றை ஏழு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். விற்பனை நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஒரே உடலமைப்புள்ள இந்தக் கருவி பல பெயர்களில் சந்தைக்கு வருவதால், நான் சொல்லும் நிறைகளும் குறைகளும் அநேகமாக அவை அனைத்துக்கும் பொருந்தும். பெட்டியின் மேல் இரண்டு உறுதிமொழிகள் பெரிய எழுத்தில் இருந்தன. கருவி 2000 மடங்கு பெருக்கிக் காட்டும் என்பது ஒன்று. உயிரின் மிக எளிய வடிவத்தை வீட்டிலிருந்தே கண்ணால் காணலாம் என்பது மற்றொன்று. முதல் உறுதிமொழியின் பொய்மையைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. இரண்டாவதோ என்னை மாதக்கணக்கில் அலைக்கழித்துவிட்டது. ஆகவே இம்மதிப்புரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உடல் உலோகத்தால் ஆனது. மேசையைத் தட்டினாலும் படம் அதிகம் ஆடுவதில்லை. 4, 10, 40, 100 மடங்குப் பொருளருகு லென்சுகள் நான்கும், 10, 20 மடங்குக் கண்ணருகு லென்சுகள் இரண்டும் உள்ளன. மேடைக்குக் கீழே ஒளிக்குவிப்பானும், அதன் வாயைச் சுருக்கவும் விரிக்கவும் ஐரிஸ் தடுப்பும் இருக்கின்றன. மலிவான கருவிகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் இந்த இரண்டும் இதில் இருப்பதே இதை வாங்கத் தகுந்ததாக்குகிறது என்பேன். நுண்திருகு முதல் சில வாரங்கள் இறுக்கமாக இருந்து பின்னர் இளகியது. எல்.இ.டி. விளக்கின் ஒளி சீரானது. ஐந்து ஆயத்த ஸ்லைடுகள், ஒரு சிறு புட்டி மெத்திலீன் நீலச் சாயம், ஒரு கையேடு ஆகியவையும் பெட்டியில் இருந்தன. 100 மடங்கு லென்சுக்கு இன்றியமையாத இம்மெர்ஷன் எண்ணெய் மட்டும் இல்லை. அதைத் தனியே வாங்க வேண்டும் என்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

2000 மடங்கு என்பது 100-ஐ 20-ஆல் பெருக்கிய கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் பெருக்கம் வேறு, நுணுக்கம் வேறு. அருகருகே உள்ள இரு புள்ளிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டென்பதை ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே 1873-இல் காட்டினார். ஒளியின் அலைநீளத்தை லென்சின் துளை எண்ணைப் போல் இருமடங்கால் வகுத்தால் அந்த எல்லை கிடைக்கும். துளை எண் என்பது லென்சு எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை வாங்கிக்கொள்கிறது என்பதன் அளவு. இக்கருவியின் 100 மடங்கு லென்சின் மேல் துளை எண் 1.25 என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. பச்சை ஒளியின் அலைநீளத்தை 550 நானோமீட்டர் என்று கொண்டால், எல்லை ஏறத்தாழ 220 நானோமீட்டர், அதாவது ஒரு மைக்ரோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். எண்ணெய் இடாமல் பார்த்தால் துளை எண் 1-ஐ எட்டவே எட்டாது. படம் இன்னும் மங்கும். 20 மடங்குக் கண்ணருகு லென்சை மாட்டும்போது இதே மங்கலான படம் பெரிதாகத் தெரியுமே அன்றிப் புதிதாக ஒரு விவரமும் தோன்றாது. அந்த லென்சை முதல் வாரத்திலேயே இழுப்பறையில் போட்டுவிட்டேன். 220 நானோமீட்டர் என்ற எண்ணை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்கட்டும். எளிய உயிரைத் தேடும் முயற்சி கடைசியில் அங்கேதான் போய் முட்டிக்கொள்கிறது.

கையேட்டின் முதல் பாடம் அமீபா. உயிரின் மிக எளிய வடிவம் அதுவே என்று தலைப்பிலேயே அறிவித்துவிடுகிறார்கள். பள்ளிப் பருவத்தில் நானும் அப்படித்தான் படித்தேன். ஒற்றைச் செல், நிலையான வடிவமில்லை, வாயில்லை, காலில்லை, எனவே எளியது என்பது அன்றைய வாதம். ஆயத்த ஸ்லைடில் இளஞ்சிவப்புச் சாயமேறிய ஒரு திட்டு கிடக்கிறது. அதைப் பார்ப்பவர் அந்த வாதத்தை நம்பத்தான் செய்வார். உயிருள்ள அமீபாவைத் தேங்கிய குளத்துநீரின் அடிமண்ணிலிருந்து எடுத்துப் பார்த்தபோதுதான் என் நம்பிக்கை ஆட்டம் கண்டது. பெரிய அமீபா ஒன்று அரை மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். கூர்ந்து நோக்கினால் கருவியே இல்லாமல் வெண்புள்ளியாகத் தெரியும். போலிக்காலை நீட்டி இரையை வளைத்துக்கொள்கிறது. உள்ளே சேரும் மிகுதி நீரைச் சுருங்கும் நுண்குமிழ் ஒன்று சேகரித்துச் சேகரித்து வெளியே கொட்டுகிறது. உட்கரு இருக்கிறது. ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவையோ ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களின் வழித்தோன்றல்கள். பாக்டீரியாக்களின் சந்ததியைத் தன் வயிற்றுக்குள் குடிவைத்திருக்கும் ஓர் உயிர், பாக்டீரியாவைவிட எளியதாக எப்படி இருக்க முடியும்? பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளாகப் பூமியில் உள்ளன. உட்கருவுள்ள செல்கள் தோன்றியது அதற்கு 150 கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். அமீபாவை உயிர்மரத்தின் வேர் என்று காட்டுவது பேரனைப் பாட்டனாக்குவதற்கு ஒப்பாகும்.

பாரமீசியத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. ஒரு கண்ணாடிக் குவளை நீரில் காய்ந்த வைக்கோலை ஊறவைத்து, அதில் சிறிது குளத்துநீரைக் கலந்து வைத்தால், ஒரு வாரத்துக்குப் பின் செருப்பின் அடிப்பாகத்தைப் போன்ற இவ்வுயிர்கள் ஏராளமாகப் பெருகியிருப்பதைக் காணலாம். இவை நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீந்துகின்றன. 400 மடங்கில் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலமோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணில் பட்ட உடனே காணாமல் போகும் இவற்றைப் பிடிக்கத் துளி நீரில் நாலைந்து பஞ்சு இழைகளைப் போட்டு வைப்பதே நல்ல வழி. அவ்விழைகளுக்கிடையே சிக்கித் தயங்கும்போது சுற்றிலும் துடிக்கும் குறு இழைகளையும், இரு முனைகளிலும் மாறி மாறிச் சுருங்கும் நுண்குமிழ்களையும் நிதானமாகக் காணலாம். இந்தக் காட்சிக்காகவே கருவிக்குக் கொடுத்த விலை தகும் என்று நினைக்கிறேன். இதன் இனங்களுள் ஒன்றின் மரபணுத் தொகுதியை 2006-இல் வெளியிட்டபோது ஏறத்தாழ 40,000 மரபணுக்கள் எண்ணப்பட்டன; மனிதருக்கு உள்ளவை ஏறத்தாழ 20,000 மட்டுமே. கண்ணுக்குச் சிறியது அமைப்பிலும் எளியது என்று எண்ணிக்கொண்டிருப்போருக்கு இந்த ஓர் ஒப்பீடே போதும்.

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கிய நம் இலக்கண மரபு, புல்லையும் மரத்தையும் ஓரறிவில் வைத்தது. தொடுவுணர்வு மட்டுமே இருந்தால் அது அடிப்படி. உணர்வை அளவுகோலாகக் கொண்ட அந்த வகைப்பாட்டில் எளிமை என்ற பேச்சே இல்லை என்பது இப்போது யோசிக்கும்போது புலப்படுகிறது. எளிமையை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்வியைக் கையேடு எழுதியவர்கள் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

அடுத்து பாக்டீரியா. டெல்ஃப்ட் நகரத் துணி வணிகரான ஆன்டனி வான் லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த ஒற்றை லென்சைக் கொண்டு 1676-இல் இவற்றை விவரித்து லண்டனின் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1683-இல் தம் பல்லிடுக்குகளில் இருந்து சுரண்டி எடுத்த அழுக்கில் ஓடித் திரிந்தவற்றை வரைந்தும் அனுப்பினார். எஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளுள் ஆற்றல் மிக்கது ஏறத்தாழ 270 மடங்கே பெருக்கக்கூடியது. நம் கையில் இருக்கும் கருவி அதைவிடப் பல வகையில் மேம்பட்டது என்ற இறுமாப்புடன் நானும் பல் அழுக்கை எடுத்து ஸ்லைடில் தேய்த்துப் பார்த்தேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. உயிருள்ள பாக்டீரியா கண்ணாடியைப் போல ஒளியை ஊடுருவ விட்டுவிடுகிறது. ஐரிஸ் தடுப்பைப் பாதிக்கு மேல் சுருக்கி, விளக்கைக் குறைத்தபோதுதான் மெல்லிய குச்சிகளும் சங்கிலிகளும் நிழலாகத் தோன்றின. மெத்திலீன் நீலமிட்டு, எண்ணெய் விட்டு, 100 மடங்கு லென்சை இறக்கினால் அவை தெளிவான நீல வடிவங்களாக எழுந்து நிற்கின்றன. லென்சுக்கும், துளியை மூடும் மெல்லிய கண்ணாடியான மூடுவில்லைக்கும் இடையே அப்போது இருக்கும் இடைவெளி 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், பெருந்திருகைத் தொட்டுவிடாதீர்கள்; நான் தொட்டேன், ஒரு மூடுவில்லை நொறுங்கியது. பாக்டீரியாவின் நீளம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். உருவம் தெரிகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிவதில்லை.

இந்த நிலையில் ஒரு பொறி காத்திருக்கிறது. சாயமிடாத துளியில் நூற்றுக்கணக்கான நுண்துகள்கள் இடைவிடாமல் நடுங்குவதைக் கண்டு, ஆகா, உயிரின் கடைசிப் படியைக் கண்டுவிட்டோம் என்று ஒரு மணி நேரம் பூரித்திருந்தேன். 1827-இல் மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட துகள்கள் நீரில் நடுங்குவதைக் கண்ட தாவரவியலாளர் ராபர்ட் பிரௌனுக்கும் முதலில் உயிர் பற்றிய எண்ணமே வந்தது. ஆனால் அவர் என்னைவிடப் பொறுமைசாலி. கண்ணாடியையும் கல்லையும் பொடித்து நீரில் இட்டுப் பார்த்தார். அவையும் அப்படியே நடுங்கின. நீரின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடிப்பதால் விளையும் அசைவு அது. உயிருள்ளது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்கிறது. உயிரற்ற துகள் நின்ற இடத்தைச் சுற்றியே தத்தளிக்கிறது என்பதைக் கண் பழகிய பிறகுதான் பிரித்தறிய முடிந்தது. அதிலும் நீந்தத் தெரியாத பாக்டீரியாக்கள் தூசியைப் போலவே தத்தளிக்கும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. சாயமிடாத ஒரு துளியை 400 மடங்கில் பார்க்கும் சிறுவர் எவரும் இதில் ஏமாறுவது உறுதி.

இனி எளியவற்றுள் எளியது எது என்ற கேள்விக்கு வருகிறேன். ஆய்வகங்களில் தனியே வளர்க்கக்கூடிய, இயற்கையில் கிடைத்த உயிர்களுள் மிகச் சிறிய மரபணுத் தொகுதியைக் கொண்டது மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற பாக்டீரியா. அதன் தொகுதி 1995-இல் முழுமையாக வாசிக்கப்பட்டது. டி.என்.ஏ. ஏணியின் படிகளான கார இணைகள் 5 லட்சத்து 80 ஆயிரமும், ஐந்நூற்றுச் சொச்சம் மரபணுக்களும் உண்டு. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கோ ஏறத்தாழ 46 லட்சம் கார இணைகள். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் கிடையாது. அதன் அகலம் 300 நானோமீட்டர் அளவே என்பதால், இக்கருவியின் எல்லையை உரசிக்கொண்டு நிற்கிறது. மிஞ்சிப்போனால் ஒரு மங்கிய புள்ளி. நோய் உண்டாக்கும் உயிர் ஆகையால் வீட்டில் வைத்துப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆக, பெட்டி வாக்களித்த எளிய உயிரைப் பெட்டிக்குள் இருக்கும் கருவி காட்டாது.

இதைவிடவும் எளிய ஒன்றை மனிதர்களே வடித்திருக்கிறார்கள். கிரெய்க் வென்டரின் ஆய்வுக் குழு ஒரு மைக்கோபிளாஸ்மாவின் தொகுதியை வேதிமுறையில் அமைத்து 2010-இல் இயங்கவைத்தது. பிறகு எந்த மரபணுவை நீக்கினால் செல் இறக்கிறது, எதை நீக்கினால் பிழைக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, 2016-இல் 473 மரபணுக்கள் மட்டுமே கொண்ட செல்லை வெளியிட்டது. 5 லட்சத்து 31 ஆயிரம் கார இணைகள். அந்த 473-இல் 149 மரபணுக்கள் என்ன வேலை செய்கின்றன என்பது அப்போது அவர்களுக்கே விளங்கவில்லை. தேவையற்றவை அனைத்தையும் கழித்துக் கட்டிய பிறகு மிஞ்சியவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புதிராக நின்றதை நினைத்துப் பாருங்கள். அந்தச் செல்கள் பிளவுறும்போது தாறுமாறான வடிவங்களில் பிறந்தன. ஏழு மரபணுக்களைத் திரும்பச் சேர்த்தால் பிளவு சீராகிறது என்று 2021-இல் காட்டப்பட்டது. சர்க்கரை, அமினோ அமிலங்கள், கொழுப்புப் பொருள்கள் என்று சகலமும் கரைந்த சத்துக்குழம்பில் இட்டால் மட்டுமே இந்தச் செல் வாழும். எல்லாவற்றையும் வெளியே சமைத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே சமையலறை இல்லை, எளிமையான வீடு என்று சொல்வது போன்றது இது.

சார்பு கூடக் கூட உயிர் இன்னும் மெலிந்துகொண்டே போகிறது. தத்துப்பூச்சிகளின் உடலுக்குள் வாழும் நாசூயா என்ற பாக்டீரியாவின் தொகுதி 1 லட்சத்து 12 ஆயிரம் கார இணைகளே. புரதங்களுக்கான மரபணுக்கள் 137 மட்டும். பூச்சிக்கு இரண்டு அமினோ அமிலங்களைச் செய்து தருவதைத் தவிர மற்ற பெரும்பாலானவற்றை அது கைவிட்டுவிட்டது; பூச்சியை விட்டு வெளியே வந்தால் பிழைக்காது. அதை உயிரி என்பதா, பூச்சியின் உறுப்பு என்பதா? மறுமுனையில், கடல்நீரில் எவரையும் அண்டாமல் தனித்து வாழும் பெலாஜிபாக்டர் என்ற பாக்டீரியாவுக்கு 13 லட்சம் கார இணைகள் தேவைப்படுகின்றன; தனித்து வாழ்பவற்றுள் மிகச் சுருங்கிய தொகுதிகளுள் ஒன்று அது. எவருடைய தயவும் இல்லாமல் வாழ 1,300-க்கும் மேற்பட்ட மரபணுக்கள், ஆய்வகத்தின் உபசாரத்தில் வாழ 473, பூச்சியின் மடியில் வாழ 137. என்னைக் கேட்டால் எளிய உயிர் என்ற பட்டத்தைப் பெலாஜிபாக்டருக்குத் தருவேன். பிறரிடம் இரவல் வாங்கிக்கொண்டு எளிமையாக இருப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

வைரஸ்களைப் பற்றிக் கையேடு அரைப் பக்கம் எழுதியிருக்கிறது. அவற்றையும் எளிய உயிர்களின் பட்டியலில் சேர்த்து, வண்ணப் படம் ஒன்றையும் அச்சிட்டிருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து இக்கருவியில் அப்படித் தெரியும் என்று எண்ணிவிட வேண்டாம். புகையிலைத் தேமல் வைரஸின் தடிமன் 18 நானோமீட்டர். 1935-இல் வெண்டெல் ஸ்டான்லி அதை உப்பைப் போலப் படிகமாக்கிக் காட்டியபோது, படிகமாகும் ஒன்றை உயிர் என்று சொல்லலாமா என்ற விவாதம் வலுத்தது; அது இன்னும் ஓயவில்லை. தியோடோர் டீனர் 1971-இல் அடையாளம் கண்ட வைராய்டு அதையும் விஞ்சியது. உருளைக்கிழங்குச் செடியைத் தாக்கும் அந்த நோய்க்காரணி 359 நியூக்ளியோடைடுகள் (ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள்) கொண்ட வெறும் ஆர்.என்.ஏ. வளையம், ஒரு புரதத்துக்கான குறிப்புகூட அதில் கிடையாது. ஆனால் இங்கேயும் அளவுகோல் தலைகீழாகும் ஓர் இடம் உண்டு. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் ஒரு குளிர்விப்புக் கோபுரத்தின் நீரில் 1992-இல் கிடைத்த நுண்பொருள் பாக்டீரியா என்றே பல ஆண்டுகள் கருதப்பட்டு, 2003-இல்தான் வைரஸ் என்று அறியப்பட்டது. இழைகளோடு சேர்த்து 750 நானோமீட்டர் இருக்கும் இந்த மிமிவைரஸ் ஒளிநுண்ணோக்கியில் தெரியும். அதன் தொகுதி ஏறத்தாழ 12 லட்சம் கார இணைகள், மைக்கோபிளாஸ்மாவினுடையதைப் போல் இருமடங்கு. உயிரே அல்ல என்று பலர் ஒதுக்கும் பொருள் இக்கருவிக்குள் அகப்படும்; உயிர்களில் எளியது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது அகப்படாது.

ஆயத்த ஸ்லைடுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. அமீபா, பாரமீசியம் ஸ்லைடுகள் சுமார். மூவகைப் பாக்டீரியா ஸ்லைடு நன்று. மற்ற இரண்டில் சாயம் திட்டுத்திட்டாக உறைந்து, இல்லாத உறுப்புகளை எல்லாம் காட்டுகிறது. பதப்படுத்தும் முறையே உயிரை உண்டாக்கிவிடும் என்பதற்கு வரலாற்றில் புகழ்பெற்ற சான்று இருக்கிறது. ஆழ்கடல் அடியிலிருந்து எடுத்துச் சாராயத்தில் பாதுகாத்து வைத்திருந்த சேற்றில், கூழ் போன்ற ஒன்றை 1868-இல் கண்ட ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, உயிரின் ஆதி வடிவம் கிடைத்துவிட்டது என்று கருதி அதற்குப் பாத்திபியஸ் என்று பெயரிட்டார். சேலஞ்சர் கப்பலின் ஆய்வுப் பயணத்தில் இருந்த வேதியியலாளர், கடல்நீரோடு சாராயம் கலக்கும்போது படியும் கால்சியம் சல்பேட்டே அது என்று கண்டுபிடித்தார். 1875-இல் ஹக்ஸ்லி தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எளிய உயிரைக் காணும் அவா அவ்வளவு பெரிய அறிஞரையே ஏமாற்றியிருக்க, நானும் தூசியின் நடுக்கத்தில் ஏமாந்ததற்காக அதிகம் வெட்கப்படவில்லை.

வாங்க எண்ணுவோர் எண்ணெயைக் கருவியோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளட்டும்; பயன்படுத்திய பின் லென்சுத் தாளால் உடனே துடைத்துவிடட்டும், உலர்ந்த எண்ணெய் லென்சைக் கெடுத்துவிடும். வெற்று ஸ்லைடுகளும் மூடுவில்லைகளும் கூடுதலாகத் தேவைப்படும், ஏனெனில் ஆயத்த ஸ்லைடுகளைவிடத் தேங்கிய நீரின் ஒரு துளி அதிகம் காட்டும். கருவிக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன். கையேட்டுக்கு ஒன்று, அதுவும் மெத்திலீன் நீலமிடும் முறையைப் பிழையில்லாமல் எழுதியிருப்பதற்காக.